வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு ஒரு கிழமைச் சமையல் திட்டம்: மட்டக்களப்பில் நாங்கள் செய்து பார்த்த முறை

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மனைவி தாதி, மாறி மாறி வரும் கடமை. எனக்குக் கந்தோர் வேலை, கிழமையில் இரண்டு நாளாவது வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம் வெளிக்கள வேலை. மகள் எட்டாம் ஆண்டு, மகன் நாலாம் ஆண்டு. கூடவே என் அம்மா, அவருக்குச் சீனி வருத்தம்.

வீட்டுச் சமையலை நான் பொறுப்பெடுத்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் பெரும் பாடு. பின்னேரம் ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து, பிரிஜ்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவேன். கிழமையில் மூன்று நாள் கொத்துரொட்டிப் பார்சல். வாங்கிய கீரை வாடி, வெண்டிக்காய் முற்றி, குப்பைக்குப் போகும். மாதக் கடைசியில் கையில் காசு இருக்காது.

புதிதாகக் கல்யாணம் செய்து இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இடமாற்றம் கிடைத்து மட்டக்களப்புக்கு வந்தவர்கள், பிள்ளை பாடசாலை போகத் தொடங்கிய வீட்டார், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பட்ட பாடு நீங்களும் பட வேண்டியதில்லை.

1. கறியை யோசிக்க முதல் நேரத்தை எழுதுங்கள்

நான் விட்ட முதல் பிழை இங்கேதான். ஏழு நாள், மூன்று வேளை என்று இருபத்தொரு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஆசையாக ஒரு சாப்பாட்டை எழுதினேன். செவ்வாய்க்கிழமையே எல்லாம் குழம்பிவிட்டது. அன்று பின்னேரம் நண்டுக் கறி என்று எழுதியிருந்தேன். ஆனால் மனைவிக்கு இரவுக் கடமை, மகளுக்கு ஆறு மணி வரை ரியூசன், எனக்குக் கூட்டம். நண்டை யார் உடைப்பது?

ஆகவே ஒரு கொப்பியை எடுங்கள். எண்பது பக்கக் கொப்பி போதும். சனி இரவு இந்தத் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வேலைக் கடமைப் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலை நேரசூசியும் ரியூசன் நேரமும், பெரியவர்களின் கிளினிக் கொப்பி, விரத நாள் போட்ட கலண்டர். பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: இன்று பின்னேரம் சமைக்கக் கூடிய ஆள் யார், அவருக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது?

எங்கள் வீட்டில் விடை இப்படி வரும். மனைவிக்குக் காலைக் கடமை என்றால் ஏழு மணிக்குப் போய் ஒரு மணிக்கு முடியும், அன்று பின்னேரம் நேரம் இருக்கிறது. ஒரு மணிக்குப் போய் ஏழு மணிக்கு முடிகிற நாளில் என் கையில் நாற்பது நிமிடம். இரவுக் கடமை நாளில் அவர் ஆறரைக்கு முன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், இருபது நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்துக்குள் எது அடங்குமோ அதுதான் அன்றைய கறி.

கிளினிக் கொப்பியை ஏன் சொல்கிறேன் என்றால், வெறும் வயிற்றில் சீனி பார்க்கிற நாளில் அம்மா காலையில் சாப்பிடாமல் போவார். முந்தின இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு கொடுக்க வேண்டும், இரத்தம் எடுத்த உடனே சாப்பிடக் கையில் ஏதாவது கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு முறை இதை மறந்து காலை ஆறு மணிக்குப் பிட்டு கொடுத்துவிட்டேன். அன்றைய பயணம் வீண். இரண்டு கிழமை கழித்து மறுபடி போக வேண்டி வந்தது.

கலண்டரும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மரக்கறி என்பது பெரும்பாலான வீடுகளில் தெரிந்த கதை. ஆடி அமாவாசை, கந்தசஷ்டி, வைகாசியில் ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கு, இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் மீனை வாங்கி உறைபெட்டியில் அடைத்துவிட்டுத் தவிக்க வேண்டியதில்லை. வேதக்கார வீடுகளுக்குத் தவக்காலம் இருக்கிறது. போயா நாளில் இறைச்சிக் கடை மூடியிருக்கும், அதையும் குறித்து வையுங்கள்.

2. வீட்டில் இருப்பதை எண்ணுங்கள்

பத்து நிமிட வேலை. அரிசி எத்தனை சுண்டு, பருப்பு, அரிசிமா, கோதுமைமா, தேங்காய் எத்தனை, உறைபெட்டியில் என்ன கிடக்கிறது என்று கொப்பியின் இடப்பக்கம் எழுதுங்கள். இதைச் செய்யாமல் கடைக்குப் போனால் இருக்கிற கடுகையே மூன்றாம் தடவையும் வாங்குவீர்கள்.

3. நாளுக்கு ஒரு வகை, கறி உங்கள் விருப்பம்

திங்கள் கத்தரிக்காய், செவ்வாய் பூசணிக்காய் என்று கறியின் பெயரை எழுதினால், சந்தையில் அன்று கத்தரிக்காய் விலை ஏறியிருந்தால் திட்டம் உடையும். வகையை மட்டும் எழுதுங்கள். நாங்கள் இப்போது வைத்திருப்பது இது.

ஞாயிறு புதுமீன் அல்லது கோழி. திங்கள் மீன் ஆணமும் (குழம்பு) ஒரு இலைச் சுண்டலும். செவ்வாய் பருப்பும் ஒரு பால்கறியும். புதன் முட்டை. வியாழன் உறைய வைத்த மீன் அல்லது கருவாடு. வெள்ளி மரக்கறி, தயிர். சனி மிச்சம் மீதியைத் தீர்க்கிற நாள்.

"இலைச் சுண்டல்" என்று எழுதியிருந்தால் முருங்கை இலையும் சரி, பொன்னாங்காணியும் சரி, வல்லாரைச் சம்பலும் சரி. எது மலிவோ அது. வேலிக்குள் முருங்கை நின்றால் காசே இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மதியம் சோற்றுக்கு மூன்று கறி வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். வேலை நாளில் அது நடக்காது. ஒரு ஆணம், ஒரு சுண்டல் அல்லது சம்பல், போதும். என் அம்மாவே முதலில் முகம் சுளித்தார். இரண்டாம் மாதம் அவரே, "ரெண்டு கறி போதும் தம்பி, ஆறிப்போகாமச் சாப்பிடலாம்" என்றார்.

இரவுச் சாப்பாட்டை இன்னும் இலேசாக்குங்கள். பிட்டு, இடியப்பம், ரொட்டி, தோசை, பாண், இந்த ஐந்தும் சுற்றி வந்தால் போதும். இடியப்பத்தை வீட்டில் பிழிய நேரம் இல்லாவிட்டால் அதற்காக மனம் நோக வேண்டாம். எல்லா ஒழுங்கையிலும் இடியப்பம் அவித்து விற்கிற ஒரு அக்கா இருப்பார். முதல் நாளே எத்தனை என்று சொல்லி வைத்தால் உங்களுக்கும் நிச்சயம், அவருக்கும் நிச்சயம். கடைப் பார்சலின் விலையில் அரைவாசிகூட வராது.

4. சந்தைக்கு ஒரு நாள், இடையில் ஒரு சின்னப் பயணம்

கிழமைக்கு ஒரே தடவை எல்லாம் வாங்கி முடிக்கலாம் என்று சொல்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது சரிவராது. கீரை மூன்று நாளுக்கு மேல் நிற்காது. நாங்கள் ஞாயிறு காலை பெரிய சந்தை, புதன் பின்னேரம் பதினைந்து நிமிடச் சின்னச் சந்தை என்று பிரித்துக்கொண்டோம்.

ஞாயிறு ஏழு மணிக்கு முன் போங்கள். படுவான்கரையில் இருந்து வருகிற மரக்கறி அப்போதுதான் இறங்கும். பூசணி, மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், வெங்காயம், உருளைக்கிழங்கு, தேசிக்காய் போன்ற நின்று பிடிக்கிறவற்றை அன்று வாங்குங்கள். பயற்றங்காய், வெண்டிக்காய் திங்கள் செவ்வாய்க்குள் முடிகிற அளவு மட்டும். இரண்டாம் கீரையும் தக்காளியும் புதன்கிழமைக்கு. காத்தான்குடிப் பக்கம் சாமான் வாங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள், ஜும்மா நேரம் பல கடைகள் பூட்டியிருக்கும்.

பட்டியலை நீங்கள் நடக்கிற வரிசையில் எழுதுங்கள்: முதலில் பலசரக்கு, பிறகு மரக்கறி, கடைசியில் மீன். மீனை முதலில் வாங்கிக்கொண்டு வெயிலில் சுற்றக் கூடாது. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

5. மீன்: இங்கேதான் காசும் போகும், உடம்பும் கெடும்

கடலும் வாவியும் இரு பக்கமும் இருக்கிற ஊரில் மீன் இல்லாமல் திட்டம் கிடையாது. ஆனால் என்னுடைய பெரிய நட்டங்கள் எல்லாம் மீனில்தான் வந்தன.

வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்ப வேண்டும். தலை, குடல், செதில் போகக் கால்வாசிக்கு மேல் நிறை குறையும் என்பதைக் கணக்கில் எடுங்கள். ஐந்து பேருக்கு ஒரு வேளை ஆணத்துக்கு முழு மீனாக ஒரு கிலோ எங்களுக்குச் சரியாக இருக்கிறது.

சூரை, கும்பளா போன்ற மீன்களில் மிகக் கவனம். இவை சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உள்ளே உண்டாகும். மணத்தில் தெரியாது, சமைத்தாலும் போகாது. ஒரு நாள் மதியம் சூரை வாங்கி, பையை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டபடி நான்கு மணி வரை வேலை பார்த்தேன். இரவு சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் மகனுக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் கடி, தலையிடி. இரவோடு இரவாக ஓடினோம். மருந்து எடுத்துக் காலையில் சுகமாகிவிட்டான், ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றும் ஐஸ் கட்டியும் இல்லாமல் நான் மீன் வாங்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கழுவி வெட்டி, ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து, பையில் திகதியை எழுதுங்கள். அன்றும் மறுநாளும் சமைக்கிறது பிரிஜ்ஜின் அடித்தட்டில், மற்றது உறைபெட்டியில். பிரிஜ்ஜுக்குள் நான்கு பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது. கொழுப்பு மீனை இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், பிறகு சுவை கெடும். எல்லாவற்றையும் ஒரே கட்டியாக உறைய வைத்தால் வியாழக்கிழமை இரவு கத்தியோடு போராட வேண்டும். உறைந்த பையை முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். குசினி மேசையில் வைத்து இளக வைக்கக் கூடாது.

வீதியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிற மீன் வியாபாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மீன் கிடைக்கும், வாசலுக்கே வரும். ஆனால் திட்டத்தில் இல்லாத நாளில் "மலிவு" என்று இரண்டு கிலோ வாங்கினால், அன்றைக்கு எழுதியிருந்த மரக்கறி அழுகும். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் அவரிடம் வாங்குவது என்று வைத்து, அந்த நாளை அவருக்கும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது திங்கள். நல்ல விளைமீனோ திரளியோ கிடைத்தால் இப்போது எடுத்து வைத்துத் தருகிறார்.

6. ஞாயிறு இரண்டரை மணித்தியாலம்

கிழமை முழுவதுக்கும் சமைத்து அடுக்குகிற வேலை இல்லை இது. அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தேங்காய்ப்பால் விட்ட கறி நாலாம் நாள் யாருக்கும் தொண்டையில் இறங்காது. செய்ய வேண்டியது சமையலின் பாதி வேலையை முடித்து வைப்பது.

வெங்காயம் ஒரு கிலோ உரித்து, பாதியை உள்ளி, கறிவேப்பிலை, ரம்பையோடு வதக்கி மூடிய போத்தலில் வையுங்கள். நாலு நாள் நிற்கும். எந்த ஆணத்துக்கும் இதில் இரண்டு கரண்டி போட்டால் பத்து நிமிடம் மிச்சம். பழப்புளியைக் கரைத்து, கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் போத்தலில் ஊற்றுங்கள். நாலு தேங்காய் துருவி, அரைத் தேங்காய் அளவில் பைகளாகத் தட்டையாக உறைய வையுங்கள். சம்பலுக்குப் புதுத் தேங்காய்தான் ருசி, ஆனால் பால் பிழியவும் சுண்டலுக்கும் இது தாராளம். முருங்கை இலையை உருவிக் கழுவாமல் பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள், சமைக்கும்போது கழுவலாம்.

கடலை, கௌபி போன்றவற்றை முந்தின இரவே ஊற வைத்து, ஞாயிறு பிரஷர் குக்கரில் அவித்து இரண்டாகப் பிரித்தால், ஒன்று அன்றைய பின்னேரச் சுண்டல், மற்றது உறைபெட்டியில் புதன்கிழமைக்கு.

கோழி சமைக்கும் நாளில் பால் விட முதல் பாதியை எடுத்து ஆறவைத்து உறைய வையுங்கள். இரவுக் கடமை நாளில் அதை இளக்கிச் சூடாக்கி, அப்போது பால் விட்டால், அன்று சமைத்தது போலவே இருக்கும். இந்த ஒரு பழக்கம் எங்கள் வீட்டில் பார்சலை நிறுத்தியது.

சோறு பற்றி ஒரு எச்சரிக்கை. அவித்த சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டு இரவு சாப்பிடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சோற்றில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து அவித்தாலும் சாகாது. சோறு சூட்டோடு கிடக்கக் கிடக்க அது பெருகி நஞ்சை விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சமைத்த எதையும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் விடாதீர்கள், சித்திரை வெயிலில் ஒரு மணித்தியாலம்தான். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து பிரிஜ்ஜில் வையுங்கள்.

7. காலையும் பிள்ளைகளின் பெட்டியும்

ஏழரைக்குப் பாடசாலை. ஆறே முக்காலுக்குள் பெட்டி கட்டியாக வேண்டும். இங்கே புதுமை வேண்டாம். ஐந்து நாளுக்கு ஐந்து சாப்பாடு என்று பிள்ளைகளையே தெரிவு செய்ய விட்டு, குசினிச் சுவரில் ஒட்டினோம். பிட்டு, அவித்த கடலை, ரொட்டியும் சம்பலும், இடியப்பமும் முட்டையும், பாணும் பருப்பும். அவர்களே எழுதியது என்பதால் பெட்டி வெறுமையாகத் திரும்பி வருகிறது. தேங்காய்ப்பால் சேர்ந்ததையும் மயோனைஸ் போட்டதையும் பெட்டியில் வைக்காதீர்கள், இடைவேளைக்குள் கெட்டுவிடும்.

8. செலவு எப்படிப் பிரிகிறது

இது எங்கள் வீட்டுக் கணக்கு. விலை மாதத்துக்கு மாதம் மாறும், ஆகவே தொகையை விடப் பங்கைப் பாருங்கள். திட்டம் இல்லாத காலத்தில் பார்சலோடு சேர்த்துக் கிழமைக்கு 22,000 ரூபா வரை போனது. இப்போது 16,000 அளவில் நிற்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு மீன், கோழி, முட்டை. அரிசி, மா, பருப்பு, தூள்வகை நாலில் ஒன்று. மரக்கறியும் பழமும் ஆறில் ஒன்று. தேங்காய், பால்மா, தயிர் மற்றொரு ஆறில் ஒன்று. மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் கைக்காவல்: திடீரென்று வருகிற விருந்தாளி, கோயில் படையல், கேஸ் தீர்ந்த நாளின் ஒரு பார்சல்.

தேங்காயை நாட்களோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். பிட்டும் பால்கறியும் சம்பலும் ஒரே நாளில் வந்தால் இரண்டு தேங்காய் போய்விடும். பிட்டு நாளில் புளியாணம், பால்கறி நாளில் பாண் அல்லது தோசை என்று மாற்றினாலே கிழமைக்கு மூன்று தேங்காய் மிச்சம்.

அரிசியைப் பெரும்போக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் மூட்டையாக வாங்குங்கள், அப்போதுதான் விலை இறங்கும். புது அரிசி குழையும், தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

பெரிய பொறி கடைக் கடன் கொப்பி. பழகிய கடையில் எழுதி வாங்குவது அவசரத்துக்கு உதவிதான், நானும் உதவி பெற்றிருக்கிறேன். ஆனால் கொப்பியில் வாங்கும்போது விலை கேட்க மாட்டோம். நான் இப்போது திங்களும் வெள்ளியும் கணக்கைத் தீர்த்து, தொகையை என் கொப்பியின் வலப்பக்கம் எழுதிவிடுகிறேன்.

9. மழைக்காலத்துக்கு வேறு திட்டம்

கார்த்திகை முதல் தை வரை கடல் கொந்தளிக்கும், மீன் குறையும், வெள்ளம் வந்தால் படுவான்கரைப் பாதைகள் தண்ணீருக்குள் போகும், மரக்கறி விலை ஏறும். ஐப்பசி நடுவில் ஒரு பெட்டியைத் தனியாக ஒதுக்குங்கள். கருவாடு, 425 கிராம் ரின்மீன் நாலு, சோயா மீற், பயறு, கடலை, நெத்தலி, பால்மா, வறுத்த அரிசிமா. ஐந்து நாளுக்குப் போதுமான அளவு. ஒரே தடவையில் வாங்காமல் புரட்டாதியில் இருந்து கிழமைக்கு ஒரு பொருளாகச் சேர்த்தால் கை கடிக்காது.

இந்த மாதங்களில் உறைபெட்டியை மீனால் நிரப்பி வைக்காதீர்கள். கரண்ட் போனால், கதவைத் திறக்காமல் விட்டால், நிறைந்த உறைபெட்டி ஏறக்குறைய 48 மணித்தியாலம், பாதி நிறைந்தது 24 மணித்தியாலம் தாங்கும். பிரிஜ் நாலு மணித்தியாலம்தான். போன வருட மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் நாலு கிலோ மீனைப் புதைத்தோம். இப்போது வெற்றிடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்திருக்கிறேன், குளிரை அவை பிடித்து வைக்கின்றன. கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். 2022இல் வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 12.5 கிலோ சிலிண்டர் மாற்றிய திகதியைக் கொப்பியில் எழுதுங்கள், மூன்று தடவை எழுதினால் உங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் என்று தெரிந்துவிடும்.

10. முதல் கிழமை மூன்று நாள் மட்டும்

ஏழு நாளையும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். உங்களுக்கு நேரம் மிகக் குறைவான மூன்று நாளைத் தெரிந்தெடுத்து, அந்த மூன்று பின்னேரங்களுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மற்ற நாள்கள் வழக்கம்போல் போகட்டும். சனி இரவு கொப்பியைத் திறந்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அப்புறம் நாலாம் நாளைச் சேருங்கள். எங்களுக்கு ஏழு நாளும் ஒழுங்குக்கு வர ஒன்பது கிழமை எடுத்தது.